செஞ்சியின் நீரரண்

முன்னுரை

செஞ்சி என்றதும் தமிழ் மக்கள் உள்ளத்தில் முதற்கண் எழுவது தேசிங்குராசன் கதையே. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட அவ்விளைஞனின் வீரத்தை நாட்டுப்பாடல் இன்றும் போற்றுகிறது. வரலாற்றறிஞரோ இக்கோட்டை கைமாறிய முறையைப் பெரிதும் ஆராய்ந்துள்ளனர். பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி, 1943இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில நூல் அத்துறையில் அடிப்படையானது. எனினும், இதுகாறும் வெளிவந்த நூல்களிலும் கட்டுரைகளிலும் செஞ்சி பெரும்பாலும் ஒரு போர்க்களமாகவே காட்சியளிக்கிறது. ஆயிரக்கணக்கான மக்கள் வாழ்ந்த பேரூராக அதனைக் கண்டு, அம்மக்கள் எந்த நீரை உண்டு வாழ்ந்தனர், மழை பொய்த்த ஆண்டில் என் செய்தனர், பெருமழை கொட்டிய ஆண்டில் எங்ஙனம் தப்பினர் என வினவியோர் சிலரே.

இவ்வினா இன்று வெறும் பழமை ஆர்வத்தின்பாற்பட்டதன்று. உலகின் வெப்பம் ஒரு பாகை உயருந்தோறும் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு மிகுதியான நீராவியைத் தாங்கவல்லதாகிறது என்பது அறிவியலார் முடிபு. அதன் பயனாக மழை குறுகிய காலத்தில் மிகுதியாகப் பொழிதலும், மழையற்ற நாட்கள் நீளுதலும் பல நாடுகளிற் காணப்படுகின்றன. சென்னை மாநகர் 2015ஆம் ஆண்டு திசம்பரில் வெள்ளத்தில் மூழ்கியது. 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதற்கு நீர் வழங்கும் ஏரிகள் ஏறக்குறைய வறண்டன. ஒரே நகர் நான்காண்டுக்குள் இருவகை இடர்க்கும் ஆளாயிற்று. இவ்விரண்டையும் தாங்கும் வண்ணம் நகரை அமைத்தல் எவ்வாறு என்று அறிஞர் ஆராய்ந்துவரும் இந்நாளில், பாறையும் வெயிலும் மிகுந்த செஞ்சி எவ்வாறு ஒரு தலைநகராக நிலைத்தது என்பதை நோக்குதல் பயனுடையது.

அரணும் நீரும்

நம் முன்னோர் அரணைப் பற்றிக் கொண்டிருந்த கருத்தை முதலில் நினைவுகூர்தல் வேண்டும். திருவள்ளுவர் நாடு என்னும் அதிகாரத்தில் நாட்டின் உறுப்புகளை எண்ணுமிடத்து, இருவகை நீர், வாய்ப்புடைய மலை, அதினின்று வரும் நீர், வலிய அரண் ஆகியவற்றை ஒருங்கு வைக்கிறார். இருவகை நீராவன கீழ்நீரும் மேல்நீரும் என உரையாசிரியர் விரிப்பர். அடுத்துவரும் அரண் அதிகாரத்திலும் நீர், நிலம், மலை, காடு என்னும் நான்கனுள் நீரே முதலில் வைக்கப்படுகிறது. பகைவர் கொள்ளற்கு அரிதாதலோடு, உணவுப்பொருள் நிறைந்து உள்ளிருப்போர் இடரின்றித் தங்குதற்கு ஏற்றதாகவும் அரண் இருத்தல் வேண்டும் என்பதும் அவர் கருத்து.

இக்கருத்து ஊன்றி நோக்கத்தக்கது. மதிலின் உயரமும் திண்மையும் பகைவரை நோக்கிய இயல்புகள். நீரும் உணவும் உள்ளிருப்போரை நோக்கியவை. முற்றுகையிடப்பட்ட கோட்டைக்கு வெளியிலிருந்து ஒரு குடம் நீரும் வாராது. மழை பொய்த்த நாட்டின் நிலையும் அதுவே. ஆகவே, நெடிய முற்றுகையைத் தாங்குமாறு அமைந்த நகர், அதனாலேயே நெடிய வறட்சியையும் ஒருவாறு தாங்குவதாக அமைந்துவிடும். உழிஞைத் திணைக்கும் நொச்சித் திணைக்கும் இலக்கணம் வகுத்த மரபில் வந்த நாம், அத்திணைகளின் மறுபக்கமாக விளங்கும் இந்நீர்க்காப்பை இன்னும் விரிவாக ஆராயவில்லை.

செஞ்சியின் நிலவியல்பு

விழுப்புரம் மாவட்டத்தில் திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே செஞ்சி உள்ளது. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே இராசகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. சந்திரகிரியைச் சந்திராயன் துர்க்கம் எனவும் வழங்குவர். இவற்றை இணைத்துச் செல்லும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பர். மூன்றனுள் உயர்ந்த இராசகிரி ஏறக்குறைய 800 அடி உயரமுடையது. அதன் உச்சிக்கும் பிற பகுதிக்கும் இடையே ஓர் ஆழ்ந்த பிளவு உண்டு. அதனைக் கடக்க மரப்பாலம் அமைத்திருந்தனர்.

கருங்கற் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போன்று தோன்றும் குன்றுகள் இவை. இத்தகைய பாறை நிலத்தில் மழைநீர் ஊறுதல் குறைவு. பெய்த நீர் விரைந்து கீழே ஓடிவிடும். வெடிப்புகளிலும் பள்ளங்களிலும் தங்குவதே சுனையாக நிற்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர்; அதிற் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலேயே பெய்துவிடும். எனவே இவ்வூரின் இடர் மழை குறைவென்பது மட்டுமன்று. பெய்யும் மழை ஒருங்கே பெய்து ஒருங்கே ஓடிவிடுவதே பேரிடர். சில வாரங்களின் நீரை ஓராண்டுக்கு நிறுத்திவைக்கும் வழியைக் கண்டாலன்றி இங்கே பெருநகர் நிலைத்தல் அரிது.

ஆனந்தக்கோன், கிருஷ்ணக்கோன் முதலிய கோன் மரபினர் 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இக்குன்றுகளை அரணாக்கினர் என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம் கூறும் செய்தி. ஆநிரையும் ஆடும் மேய்த்தோரே இவ்வரணின் முதல்வர் என்னும் அம்மரபுச் செய்தியில் ஓர் உட்பொருள் இருத்தல் கூடும். எந்தப் பாறையிடுக்கில் கோடையிலும் நீர் நிற்கும் என்பதை மேய்ப்பரினும் நன்கறிந்தார் யாவர்?

மூன்று படியில் நீர்

செஞ்சியின் நீரமைப்பை மேல், இடை, கீழ் என மூன்று படியாக நாம் பகுத்துக் காணலாம்.

முதற்படி குன்றின் மேலுள்ளது. இராசகிரியின் மேற்பகுதியில் ஊற்றுச் சுனைகளும் மழைநீர் தேக்கும் தொட்டிகளும் உள்ளன. கிருஷ்ணகிரிக்கும் தனி நீர்நிலைகள் உண்டு. உச்சிக் காவலர் கீழுள்ள குளத்தை நம்பி வாழவில்லை. கீழ்க்கோட்டை வீழ்ந்தாலும் மேற்கோட்டை தன் நீரால் தான் வாழும். நீரோடு உணவும் பிரித்தே வைக்கப்பட்டது. இராசகிரியின் உச்சியிலும் அடிவாரத்திலும் வளைவுக் கூரையோடு கட்டிய களஞ்சியங்களை இன்றும் காணலாம். கிருஷ்ணகிரியில் எண்ணெயும் நெய்யும் சேமித்தவை என்று காட்டப்படும் கிணறுகள் உள்ளன.

இரண்டாம்படி குன்றின் அடிவாரத்துக் குளங்கள். இராசகிரியின் சரிவிலிருந்து இழியும் நீரைச் சக்கரகுளமும் செட்டிகுளமும் ஏற்கின்றன. பின்னது 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செட்டி ஒருவரால் அமைக்கப்பட்டது என்பர். தேசிங்கின் உடல் எரியூட்டப்பட்டதும் இக்குளங்களின் கரையிலேயே என்பது செவிவழிச் செய்தி. கீழ்க்கோட்டையினுள் கலியாணமகாலை அடுத்து ஆனைக்குளம் படிக்கட்டுகளோடு விளங்குகிறது. எட்டு நிலைகளாக எழும் அம்மாளிகைக்குக் கோட்டைப்புறத்துக் குளத்தினின்று சுடுமண் குழாய்கள் வழியே நீர் வந்தது. நீர் தன் மட்டத்தைத் தானே தேடும் இயல்பினது. உயர்ந்த இடத்துக் குளத்தினின்று மூடிய குழாயில் வரும் நீர், இறைப்பாரின்றியே மாளிகையின் மேல்நிலைகட்கு ஏறும். அடிவாரத்துக் குளத்தின் உயரத்தையே ஆற்றலாகப் பயன்கொண்ட இவ்வமைப்பு நுண்ணிது.

மூன்றாம்படி மதிற்புறத்து அகழியும் சமவெளி ஏரிகளும். கீழ்க்கோட்டையின் புறமதிலை அடுத்து அகன்ற அகழி உண்டு. அகழியின் முதல் நோக்கம் பகைவரைத் தடுத்தலே. ஆயினும் மூன்று குன்றின் நீரும் இழியும் ஒரு நிலத்தில், அகன்று ஆழ்ந்த அவ்வகழி வெள்ளத்தை ஏற்று அடக்கும் பள்ளமாகவும் உதவியிருக்கும் எனக் கருதுதல் பொருந்தும். எஞ்சிய நீர் சமவெளி ஏரிகளையும் சங்கராபரணி ஆற்றையும் சாரும். வராகநதி எனவும் செஞ்சியாறு எனவும் பெயர் கொண்ட அவ்வாறு கிழக்கே ஓடிப் புதுச்சேரிக்குத் தெற்கே கடலிற் கலக்கிறது.

இம்மூன்று படியும் ஒரே காலத்தில் ஒருவரால் திட்டமிடப்பட்டவை அல்ல. கோன்கள் தொடங்கியதை நாயக்கர் விரித்தனர். 1597ஆம் ஆண்டில் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் இங்கு வந்த இயேசு சபையினரான பிமெண்டா, தாம் இந்தியாவிற் கண்ட நகரங்களுள் இதுவே பெரிதென்றும், போர்த்துகலில் லிசுபன் ஒன்றே இதனினும் பெரிதென்றும் வியந்தெழுதினார். 1677இல் சிவாசி செஞ்சியைக் கைப்பற்றிய பின் செய்த பணிகளை 1678ஆம் ஆண்டின் இயேசு சபை மடல் ஒன்று விவரிக்கிறது. புதிய மதில்கள், அகழிகள், கொத்தளங்கள் ஆகியவற்றோடு நீர்த்தேக்கங்களையும் அவர் அமைத்தார் என்று அம்மடல் கூறுவது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத சான்று. படை நடத்துவதில் வல்லவர் ஒருவர், கோட்டையை வலுப்படுத்த முற்பட்டபோது மதிலோடு குளத்தையும் ஒரே பணியாகக் கொண்டார்.

முற்றுகை தந்த சான்று

இவ்வமைப்பு எந்த அளவுக்குப் பயன்பட்டது என்பதற்கு 1690 முதல் 1698 வரை நிகழ்ந்த முகலாய முற்றுகை சான்றாகும். சிவாசியின் மகன் இராசாராம் உள்ளிருந்தார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் வெளியே பாசறை அமைத்தார். 1692ஆம் ஆண்டு மழை மிகப் பெரிதாக இருந்தது. முகலாயப் படையிற் பணியாற்றிய பீம்சேன் அதனை நேரிற்கண்டு எழுதியுள்ளார். கூலம் விலையேறியது, படைஞர் இரவும் பகலும் பதுங்குகுழிகளில் நனைந்து துன்புற்றனர், சுற்றுநிலம் முழுதும் ஒரே ஏரியாகத் தோன்றியது என்பது அவர் தரும் செய்தி. அவ்வாண்டின் இறுதியில் மராட்டியத் தலைவர் சந்தாசியும் தனாசியும் வந்து உணவுவழியை அடைக்கவே, 1693ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முற்றுகைப்படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது.

இந்நிகழ்ச்சியில் ஒரே மழை இருசாரார்க்கும் பெய்தது. தாழ்நிலத்துப் பாசறைக்கு அது வெள்ளமாயிற்று. குன்றின்மேல் இருந்தோர்க்கு ஓராண்டு நீராயிற்று. ஆயினும் நாம் இதனை மிகைபடக் கூறலாகாது. முற்றுகை நீண்டதற்கு முகலாயத் தலைவர்களுக்குள் இருந்த பிணக்கும், சுல்பிகார்கானின் உள்நோக்கமும், மராட்டியரின் புறத்தாக்குதலும் காரணங்களாம் என வரலாற்றார் காட்டியுள்ளனர். நீரமைப்பு ஒன்றே கோட்டையைக் காத்தது என்பது பொருந்தாது. அவ்வமைப்பு இன்றேல் ஏனைய காரணங்கள் செயற்படக் காலம் கிடைத்திராது என்ற அளவே நாம் துணியத்தக்கது.

குறையும் கேடும்

செஞ்சியைப் புகழ்ந்து முடித்துவிடின் நம் ஆராய்ச்சி ஒருதலையாகும். அதன் குறைகளும் நமக்குப் பாடமாவன.

முதலாவது, நோய். முகலாயர் கைப்பற்றியபின் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்சித் தலைமையிடம் ஆர்க்காட்டுக்கு மாறியது. செஞ்சியின் நோய்மிக்க சூழலும் அதற்கொரு காரணமென்பர். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புசி இதனைக் கைப்பற்றினார். 1761இல் ஆங்கிலேயர் கொண்டனர். இடைப்பட்ட பத்தாண்டில், எப்போதும் நூறு பேர்க்கு மிகாத ஐரோப்பியக் காவற்படையில், 1200 பேர் மாண்டனர் என ஆர்ம் என்னும் வரலாற்றாசிரியர் குறித்துள்ளார். அக்காலத்தார் நீரையும் காற்றையும் பழித்தனர். முறைக்காய்ச்சலைப் பரப்புவது கொசு என்பது 1897இல் ரொனால்டு ராசு செய்த ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. காவற்படையை அழித்த நோய் இன்னதென அறுதியிட இயலாதெனினும், நீரைத் தேக்கிவைத்த நகர், அந்நீர் தேங்கிக் கெடுவதால் வரும் நோய்க்கும் இடங்கொடுக்கும் என்பதை மறத்தலாகாது. நீரைச் சேமிக்கும் நகர் அதனைத் தூயதாகப் பேணுதற்கும் ஆள் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, நீரின் பங்கீடு. மாளிகையின் மேல்நிலை வரை குழாயில் நீர் ஏறிய ஊரில், மதிற்புறத்து மக்கள் குளத்துக்கு நடந்து சென்றே முகந்திருப்பர். முற்றுகையில் கதவடைக்கப்பட்டபோது வெளியே நின்றவர் அவர்களே. உள்ளிருப்போர்க்கு எளிதான அரண் புறத்திருப்போர்க்கு என்ன ஆயிற்று என்னும் வினாவை நம் நூல்கள் எழுப்புவதில்லை. இன்றைய நகரமைப்பிலும் மேட்டுநிலமும் குழாய்நீரும் செல்வர்க்கு ஆகி, வெள்ளம் புகும் தாழ்நிலம் வறியோர்க்கு ஆகுமேல், அந்நகர் பருவமாற்றத்தைத் தாங்கிய நகர் ஆகாது. மாற்றத்தின் சுமையை வறியோர்மேல் இறக்கிய நகரே ஆகும்.

மூன்றாவது, பேணுநர் இன்மை. படை நீங்கியதும் அரசு நீங்கிற்று. அரசு நீங்கியதும் குளத்தைத் தூர்வாருவோர் நீங்கினர். முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அவற்றில் ஏரிவாரியம் என்னும் குழு ஊர்ச்சபையின் உறுப்பாக விளங்குவதைக் காண்கிறோம். அரசர் மாறினும் ஊர்ச்சபை நின்றவிடத்து ஏரி நின்றது. செஞ்சிக் கோட்டையின் நீரோ அரண்மனையையும் படையையும் சார்ந்தே பேணப்பட்டதாகத் தோன்றுகிறது. கல் ஒன்றேயாயினும் காப்போர் வேறுபட்டமையின் விளைவும் வேறுபட்டது.

பிறநாட்டு ஒப்புமை

கம்போச நாட்டு அங்கோர் நகரின் வரலாறு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பெரிய நீர்த்தேக்கங்களும் கால்வாய்களும் ஒன்றோடொன்று பிணைந்த வலையாக அந்நகரைச் சூழ்ந்திருந்தன. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் பல்லாண்டு வறட்சியும் இடையிடையே பெருமழையும் மாறிமாறித் தாக்கின என்பதை மரங்களின் ஆண்டுவளையங்களைக் கொண்டு அறிவியலார் கண்டனர். ஓரிடத்து உடைப்பு வலை முழுதையும் தளரச் செய்ததும் அந்நகர் தேய்ந்ததற்கு ஒரு காரணம் என்பர். செஞ்சியிலோ மேற்குன்றின் நீரும் கீழ்க்கோட்டையின் நீரும் தனித்தனியே நின்றன. ஒன்று கெடினும் மற்றொன்று உதவும். சிறியனவாகப் பலவாக இருத்தலின் நன்மை இதனாற் புலனாகும். பெய்த மழையைப் பெய்த இடத்திலேயே ஏற்கும் நகரங்களை அமைக்கச் சீன நாடு 2015ஆம் ஆண்டு முதல் மேற்கொண்டுவரும் முயற்சியும் இந்நெறியைச் சார்ந்ததே.

இன்றைய நிலை

2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரிக் கரையைக் கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டரும், செஞ்சிக்குக் கிழக்கேயுள்ள மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டரும் மழை பெய்தன. ஆண்டு மழையிற் பாதி ஒரு நாளிற் பெய்ததென்றால் அதன் கொடுமை விளங்கும். சங்கராபரணி பெருக்கெடுத்தது; விழுப்புரம் மாவட்டத்தின் பல ஊர்கள் நீரில் ஆழ்ந்தன. பீம்சேன் கண்ட காட்சியை 332 ஆண்டுகள் கழித்து அந்நிலம் மீண்டும் கண்டது எனலாம்.

அடுத்த ஆண்டு சூலையில் செஞ்சிக் கோட்டை, மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் தொகுதியில் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. நாம் மகிழத்தக்க சிறப்பு இது. ஆயின் படைத்துறை என்னும் பெயரால் மதிலும் கொத்தளமும் காக்கப்பட்டு, அவற்றுக்கு உயிராய் நின்ற குளங்களும் நீர்வரத்துக் கால்களும் மறக்கப்படுமாயின், காப்பு அரைகுறையாகும். குளத்தின் கரையைச் செப்பனிட்டு, அதற்கு நீர் வரும் சரிவையும் போக்கு வழியையும் விட்டுவிடுவது உடலைப் போற்றி நரம்பை அறுப்பதை ஒக்கும்.

தமிழ்த்துறையின் கடமை

இப்பணி பொறியாளருக்கே உரியது என நாம் ஒதுங்குதல் தகாது. நீரைப் பற்றிய பழைய அறிவு பெரும்பாலும் சொல்லிலேயே பொதிந்து கிடக்கிறது. செஞ்சியைச் சூழ்ந்த வட்டாரத்திலும் அதனை அடுத்த பகுதிகளிலும் தாங்கல், ஏந்தல் என முடியும் ஊர்ப்பெயர்கள் காணப்படுகின்றன. இவ்விரு சொல்லும் சிறு நீர்நிலையைக் குறிப்பன. ஓடும் நீரைத் தாங்குவது தாங்கல். வரும் நீரை ஏந்துவது ஏந்தல். இடரைத் தாங்கும் நகர் என்று இன்று நாம் பேசுங்கால் வழங்கும் அதே வினைச்சொல்லை, நீரைத் தேக்கும் செயலுக்கு நம் முன்னோர் பெயராக வைத்தனர். நீரைத் தாங்கிய ஊரே வறட்சியையும் வெள்ளத்தையும் தாங்கும் என்னும் பட்டறிவு அப்பெயர்களில் உறைகிறது.

தாங்கல் என்று பெயர்பெற்ற ஓரிடத்தில் நீர்நிலை இன்று இல்லையெனின், அது அழிந்ததற்குப் பெயரே சான்றாகும். ஊர்ப்பெயர், புலப்பெயர், குளப்பெயர், மதகின் பெயர், கலிங்கின் பெயர் ஆகியவற்றைச் செஞ்சி வட்டம் முழுதும் தொகுத்து, நில ஆவணங்களோடும் கல்வெட்டுகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தால், மறைந்த நீர்வழிகள் பலவற்றை மீட்டறியலாம். வெள்ளம் எவ்வழியே வரும் என்பதை நிலம் மறப்பதில்லை. வீடு கட்டுவோரே மறக்கின்றனர். முதுகலை மாணவர் சிலர் இதனைத் தம் ஆய்வுப்பொருளாகக் கொள்வாராயின், மொழியாராய்ச்சியே உயிர் காக்கும் பணியாகவும் அமையும்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் சில முடிவுகள் பெறப்படும். செஞ்சி, சில வாரங்களில் பெய்து ஓடும் மழையை மேல், இடை, கீழ் என மூன்று படியில் நிறுத்தி ஓராண்டுக்கு ஆக்கிக்கொண்ட நகர். நீரும் உணவும் பலவிடங்களிற் பிரித்து வைக்கப்பட்டமை அதன் வலிமை. நீரைத் தூயதாக வைத்திருக்க இயலாமையும், புறத்தார்க்கு அது எட்டாமையும், ஊரார் பொறுப்பில் அது நில்லாமையும் அதன் மெலிவு. வாழும் நீருக்கும் வாழும் ஊருக்கும் உள்ள தொடர்பைக் குடபுலவியனார் புறநானூற்றின் 18ஆம் பாட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உணர்த்தி, நிலம் குழிந்தவிடமெல்லாம் நீரைத் தளைக்குமாறு வேண்டினார். அவ்வேண்டுகோள் ஒரு மன்னனோடு முடிந்ததன்று. இன்று செஞ்சியின் குளங்களுக்கு மன்னரும் இல்லை, படையும் இல்லை. அவற்றின் கரையில் வாழும் மக்களும், அவற்றின் பெயர்களை அறிந்த நாமுமே உள்ளோம்.